ஒன்பது மீட்டர் எண்பது

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு ஐஸ் கிடங்கின் மாடியில் அந்த ஆபீஸ் இருந்தது. பெயர் நவரேகா டெக்னோ சர்வீசஸ். கீழே உருகிய ஐஸ் தண்ணீர் மீன் செதிலோடு வழிந்து படிக்கட்டடியில் தேங்கிக் கிடக்கும். அது அன்புக்கரசிக்கு ஒரு பொருட்டே இல்லை. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து, கால்வாயைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போய் வந்தவள். அவள் மூக்கு எல்லாவற்றுக்கும் பழகிய மூக்கு. அவளுக்குக் குமட்டியது மாடியில் வீசிய வாசனைதான். முதலாளி கிருஷ்ணப்பனுக்கு மீன் வாடை ஆகாது என்று மணிக்கொரு தரம் மல்லிகை ஸ்ப்ரே அடிப்பார்கள். மீனும் மல்லிகையும் ஈரக் கார்ப்பெட்டில் ஊறி, பிண ஊர்வலம் போன தெருவைப் போல ஒரு நாற்றம் நாள் முழுக்க நிற்கும்.

அது இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம். அவளுக்கு இருபத்தாறு வயது. எம்.சி.ஏ. முடித்து மூன்று வருஷம் அங்கும் இங்கும் அலைந்தபின் கிடைத்த வேலை. அப்பா லோகநாதன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். மகள் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறாள் என்று கேன்டீனில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

நவரேகாவுக்கு அப்போது கிடைத்திருந்தது ஒரு சாலை வேலை. திருவொற்றியூருக்கு வடக்கே கடலோரமாகப் போகும் பாதையை அகலப்படுத்தப் போகிறார்கள். நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் பதினைந்து மீட்டர். அதற்குள் விழுகிற கட்டடம் எது, விழாதது எது என்று பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும். பாதைக்கு மேற்கே ஒரு கெமிக்கல் கம்பெனியின் நீண்ட மதில். கிழக்கே சின்னமேட்டுக்குப்பம், மீன்பிடிக்கிறவர்களின் நூற்றுச்சொச்சம் வீடுகள். அதற்கப்பால் கடல்.

அந்தப் பட்டியலைப் போடுகிற புரோகிராமை எழுதியவள் அன்புக்கரசி.

அவளுக்கு அது ஒரு பண்டிகை மாதிரி இருந்தது. பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியத்தில் வெக்டர் கணக்குப் போட்டபோது இதெல்லாம் எதற்கு என்று எல்லாப் பிள்ளைகளையும் போல அவளும் கேட்டவள்தான். இப்போது ஒரு வீட்டின் மூலை என்பது இரண்டு எண்ணாக வந்து நின்றது. ஆதிப்புள்ளியிலிருந்து கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு. சாலை ஒரு வெக்டர். சாலையின் தொடக்கத்திலிருந்து வீட்டு மூலைக்கு ஒரு வெக்டர். இரண்டையும் குறுக்கே பெருக்கினால், விடையின் குறி வீடு சாலைக்கு எந்தப் பக்கம் என்று சொல்லும். சாலையின் நீளத்தால் வகுத்தால், எத்தனை மீட்டர் தள்ளி என்று சொல்லும். மொத்தம் ஆறு வரி. எழுதி முடித்துவிட்டு அந்த ஆறு வரியை அவள் பலதடவை படித்துப் பார்த்தாள். அடித்துத் திருத்த ஒரு எழுத்துகூட இல்லை.

முதல் தடவை படம் வரைந்தபோது குப்பம் தலைகீழாக வந்தது. பக்கத்து மேசை ரோஷன்தான் சிரித்துக்கொண்டே சொன்னான்: "ஸ்க்ரீன் மேலேர்ந்து கீழே எண்ணும், அன்பு. நிலம் கீழேர்ந்து மேல எண்ணும். ஒய்யைத் திருப்பிப் போடு." திருப்பிப் போட்டாள். வீடுகள் நிமிர்ந்து நின்றன. ரோஷன் காசிமேட்டுக்காரன், அவன் மாமா விசைப்படகு வைத்திருந்தார். அந்த ஆபீஸில் அவளோடு மனிதர் மாதிரி பேசியவன் அவன் ஒருவன்தான்.

இன்னொரு வேலையும் அந்த புரோகிராமில் உண்டு. நிலம் அளந்தவர்கள் தங்கள் கணக்குக்கு ஒரு ஆதிப்புள்ளி வைத்து அளந்திருந்தார்கள். சாலையின் நடுக்கோடோ அரசாங்கத் துறையின் கணக்கில் இருந்தது. இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க இரண்டு கல் போதும்: தெற்கே மதகடியில் ஒன்று, எழுநூறு மீட்டர் வடக்கே ஒன்று. இரண்டு கணக்கிலும் அந்தக் கற்களின் எண்கள் தெரிந்தால், ஒரு படத்தை நகர்த்தி, திருப்பி, இன்னொன்றின்மேல் ஒட்டிவிடலாம். ஒட்டியது சரியா என்று பார்க்க அவள் ஒரு சோதனையும் வைத்தாள். இரண்டு கல்லுக்கும் நடுவே உள்ள தூரம் இரண்டு கணக்கிலும் ஒன்றாக வர வேண்டும். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் மாறினால் புரோகிராம் நின்றுவிடும்.

"ரெண்டு ரொம்பக் கம்மி. மெஷின் பழசு. பத்து வெச்சுடு," என்றான் ரோஷன்.

பத்து வைத்தாள்.

பட்டியல் வந்தது. கிழக்கே நாற்பத்துமூன்று வீடுகள். மேற்கே ஒன்றுமில்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'கணக்கிட்டது: லோ. அன்புக்கரசி' என்று அச்சாகியிருந்தது. அதைப் பார்த்தபோது, வெட்கமில்லாமல் சொல்வதானால், அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வீடுகளுக்கு எண் போட அவளையே அனுப்பினார்கள். பகலில் ஆண்கள் கடலுக்கோ தூங்கவோ போய்விடுவார்கள், பெண்களிடம் பேச ஒரு பெண் போனால் நல்லது என்றார் கிருஷ்ணப்பன். ஒரு டப்பா சிவப்புப் பெயிண்டும் பிரஷுமாக அவள் போய் இறங்கினாள். நாற்பது வீடுவரை வசவு வாங்கிக்கொண்டே எழுதினாள். நாற்பத்தொன்றாவது வீட்டில் பச்சையம்மா என்று ஒரு அம்மாள். ஐம்பது வயசிருக்கும், எண்ணூர் வரைக்கும் கூடை சுமந்து மீன் விற்கிறவள். வாசலில் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இன்னா பாப்பா, கேக்காம கொள்ளாம செவுத்துல இன்னா எழுதற?"

"நம்பர்க்கா. ரோட்டுக்கு வூடு எடுக்கற லிஸ்ட்டுல கீது." ஆபீஸில் நாக்கைக் கழுவிவிட்டுப் பேசுகிறவளுக்கு, குப்பத்துக்கு வந்ததும் சொந்தப் பேச்சு தானாக வந்தது.

"எவன் போட்ட லிஸ்ட்டு? தோ, நடு ரோட்டுல மஞ்சா கல்லு நட்டுகீறான் பாரு. அதான் சென்டருன்னு கவர்மெண்டு ஆளே சொல்ட்டு போனான். அங்கேந்து பதினஞ்சு மீட்டருன்னான். எங்க வூட்டுக்காரு கயிறு புட்ச்சி அளந்து பாத்தாரு. இருபத்தொண்ணு வருது. பதினஞ்சு எங்க, இருபத்தொண்ணு எங்க? நீ படிச்சவதான?"

"கம்ப்யூட்டர் கணக்குக்கா. தப்பா வராது."

"கம்ப்யூட்டரு இங்க வந்து நின்னு பாத்துச்சா?"

அன்புக்கரசிக்குக் கோபம் வந்தது. அந்த அம்மாளின் வாயை அடைக்கவே பையிலிருந்து டேப்பை எடுத்தாள். ஒரு முனையை பச்சையம்மாவிடம் கொடுத்து மஞ்சள் கல்லின்மேல் வைக்கச் சொன்னாள். மறுமுனையை வீட்டுச் சுவரில் வைத்துப் படித்தாள். இருபத்தொரு மீட்டர் பத்து. மறுபடி இழுத்துப் படித்தாள். அதே.

பட்டியலில் நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு எதிரே பன்னிரண்டு மீட்டர் என்று இருந்தது.

பச்சையம்மா டேப்பின் முனையைக் கீழே போட்டுவிட்டு, பெயிண்ட் ஈரம் காயாத எண்ணை ஒரு தடவை பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

அன்புக்கரசி திரும்பி நடந்தாள். வழி நெடுக மஞ்சள் கல் நட்டிருந்தது. நடுவில் இருபதாம் வீட்டில் அளந்தாள். பட்டியலோடு ஐந்து மீட்டர் இடித்தது. மதகடியில் மூன்றாம் வீட்டில் அளந்தாள். அரை மீட்டர்கூட இல்லை. தெற்கே வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. வடக்கே போகப்போக அது வளர்ந்துகொண்டே போயிருக்கிறது. ரயிலில் திரும்பும்போது அதையே போட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள். குறியைத் தப்பாகப் போட்டிருந்தால் எல்லாம் பக்கம் மாறியிருக்கும். இது அப்படி இல்லை. படம் மொத்தமும் மதகடியில் ஆணி அடித்து, மறுமுனையை யாரோ பிடித்து இழுத்தது போலத் திரும்பியிருந்தது.

மதியம் ஆபீஸில் யாரும் அதிகமில்லை. அலமாரியிலிருந்து துறை கொடுத்த மூலத்தாளை எடுத்தாள். வடக்குக் கல்: கிழக்கே 2412.60. அவளுடைய புரோகிராம் படிக்கிற கோப்பில்: 2402.80.

ஒன்பது மீட்டர் எண்பது.

அவளுடைய சோதனை ஏன் கத்தவில்லை என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்தாள். பாதை நேர் வடக்காகப் போகிறது. எழுநூறு மீட்டர் தள்ளி இருக்கிற ஒரு கல்லைப் பக்கவாட்டில் பத்து மீட்டர் நகர்த்தினாலும் நீளம் ஏழு சென்டிமீட்டர்தான் கூடும். அவள் இரண்டு வைத்திருந்தால் புரோகிராம் நின்றிருக்கும். பத்து வைத்தாள். ஏழு அதற்குள் நுழைந்து போய்விட்டது. வடக்குக் கல் படத்தில் மேற்கே போக, குப்பமும் கூடவே மேற்கே நடந்துபோய் சாலைக்குள் நின்றது. கம்பெனி மதில் பத்திரமாகப் பின்னால் ஒதுங்கிக்கொண்டது.

ரோஷன் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"ரெண்டாவது கல்லோட எக்ஸை யாரு மாத்துனது?" என்று கேட்டாள்.

அவன் திரையிலிருந்து திரும்பவில்லை. "சார் குடுத்த நம்பர்."

"மூலத்தாள்ல வேற இருக்கு."

"அத எதுக்கு நீ எடுத்த?"

"பத்து சென்டிமீட்டர் வெக்கச் சொன்னதும் இதுக்குத்தானா?"

அப்போதுதான் திரும்பினான். அவன் முகத்தில் பயம் இருந்திருந்தால் அவளுக்குத் தாங்கியிருக்கும். அவன் சிரித்தான், ஒரு நல்ல சூட்சுமத்தைக் கண்டுபிடித்துவிட்ட தோஸ்துக்குக் காட்டுகிற சிரிப்பு. "கண்டுபுடிச்சிட்ட பாரு! நான்தான் சார்கிட்ட சொன்னேன், நடுக்கோட்டைத் தொட்டா மாட்டுவோம், கல்லைத் தொடலாம்னு. நான் ஒரே ஒரு நம்பரைத்தான் மாத்துனேன், அன்பு. வூட்டையெல்லாம் தூக்கி ரோட்டுல வெச்சது உன் புரோகிராமு. பேருகூட உன்னோடதுதான் கீது."

அவன் கை அவளுடைய மேசையில் இருந்தது. எத்தனையோ நாள் தன் டிபன் பாக்ஸிலிருந்து அந்தக் கைக்கு இட்லி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். இப்போது அதன்மேல் ஒரு பூரான் ஊர்வதைப் பார்ப்பதுபோல உடம்பு கூசியது. எழுந்து பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவினாள். அங்கேயும் மல்லிகை.

கிருஷ்ணப்பன் தன் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டப்பாவில் வஞ்சிரம் வறுவல். மீன் வாடை ஆகாதவர் மீன் தலையைச் சுவைத்துக்கொண்டிருந்தார். மேசையில் நாற்பத்துமூன்று வீட்டுப் பட்டியல் விரித்துக் கிடந்தது. அதுதான் அன்றைக்கு அவருக்கு இலை.

"உட்காரும்மா. சாப்ட்டியா?" குரலில் அவ்வளவு கனிவு. அவள் சொன்னதையெல்லாம் மென்றுகொண்டே கேட்டார். மறுக்கவே இல்லை.

"பார்த்தியா, இந்த ஆபீஸ்ல மூளை உள்ளவ நீ ஒருத்திதான்னு நான் எப்பவும் சொல்வேன். இப்ப யோசி. மேற்கால ஒரு கம்பெனி. நானூறு பேருக்குச் சோறு. சுவர் போனா உள்ள தொட்டி, பைப்பு எல்லாம் போகும். கிழக்கால என்ன இருக்கு? நாலு ஓலை, நாலு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. அடுத்த புயல்ல கடல் எடுத்துட்டுப் போறதை நாம கொஞ்சம் முன்னாடி எடுக்கறோம். அதுவும் அந்த நாத்தம்! அதுல மனுஷன் இருப்பானா?"

வாயிலிருந்து ஒரு முள்ளை உருவி, பட்டியலின்மேல், யாரோ ஒருவரின் வீட்டு எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இன்னொண்ணு. நீ வியாசர்பாடிப் பொண்ணு. அவங்க உனக்கு என்ன ஒட்டா உறவா? உங்க வீட்டுல வந்து அவங்க தண்ணி குடிப்பாங்களா? உங்க ஆளுங்களுக்கு ஒண்ணுன்னா படகை நிறுத்திட்டு வருவாங்களா? நல்லா யோசிச்சுப் பாரு."

அவள் யோசித்தாள். அதுதான் பிற்பாடு அவளால் தன்னை மன்னிக்க முடியாத விஷயம். ஒரு நொடிதான், பள்ளிக்கூடத்தில் அவளிடமிருந்து தட்டைத் தள்ளி வைத்துச் சாப்பிட்ட ஒரு மீனவக் குப்பத்துப் பெண்ணின் முகம் வந்தது. 'ஆமா, எனக்கென்ன?' என்று மனசு சொன்னது. அந்த ஆள் அவளுக்குள்ளேயே கையை விட்டு, சரியான இடத்தில், சரியான அழுக்கைத் தொட்டுவிட்டார். அவரைப் பார்த்து வந்த அருவருப்பைவிட அது பெரிதாக இருந்தது.

"வரேன் சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

சரியான எண்ணைப் போட்டு புரோகிராமை மறுபடி ஓட்டினாள். கிழக்கே ஆறே வீடுகள். மேற்கே இருநூறு மீட்டர் மதில். அதோடு, மதிலின் வெளிப்புறம் சாய்ந்து நின்ற மூன்று குடிசைகள். பழைய பட்டியலில் அவை இல்லை. பொய்க் கணக்கு மதிலோடு சேர்த்து அவற்றையும் காப்பாற்றி வைத்திருந்தது.

மறுநாள் வேலைக்குப் போகாமல் அங்கே போனாள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தபின் வந்து ஒட்டிக்கொண்ட மூன்று குடும்பங்கள். அவள் ஜனங்கள்தான், விசாரித்தால் எங்கோ ஒரு கல்யாணத்தில் பார்த்திருப்பாள். நடுக்குடிசையில் செல்லக்கனி இருந்தாள். கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். சோப்புத்தூளில் வெந்து வெளுத்த விரல்கள். மதிலுக்கு அடியிலிருந்து மஞ்சளாக ஒரு தண்ணீர் கசிந்து அவள் வாசலைத் தாண்டிப் போனது. அதைத் தாண்ட இரண்டு செங்கல் போட்டிருந்தாள்.

அன்புக்கரசி எல்லாவற்றையும் சொன்னாள். செல்லக்கனி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்ப நீ வாயத் தொறக்காட்டி எங்க வூடு நிக்கும்?"

"நிக்கும்க்கா."

"தொறந்தா?"

"போயிடும்."

"அந்தாண்ட எத்தினி வூடு தப்பிக்கும்?"

"முப்பத்தேழு."

செல்லக்கனி எழுந்து, அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "அத்த இன்னாத்துக்கு எங்கைல வந்து சொல்ற? 'பரவால்ல, போய் சொல்லும்மா'ன்னு நான் சொல்லணுமா? சொல்ல மாட்டேன். சொல்லாதன்னும் சொல்ல மாட்டேன். பாவத்தைப் பங்கு போட ஆள் தேடினு வந்தியா? போ. இந்தத் தண்ணிய மிதிக்காத, காலு வெந்துடும்."

வீட்டில் அப்பாவிடம் சொன்னாள். லோகநாதன் வேட்டி முனையைத் திருகினார். "வேற வேலை கெடைச்சப்புறம் சொன்னா ஆவாதா?" என்றார். அவளுக்கு அந்தப் பேச்சும் கசந்தது. அதே பேச்சை இரண்டு நாளாகத் தனக்குள் ஓட்டிக்கொண்டிருந்ததால் இன்னும் கசந்தது.

அடுத்த வாரம் திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. மேடையில் வருவாய்த் துறை அதிகாரி ஒருவர், பக்கத்தில் கிருஷ்ணப்பன், கழுத்தில் சந்தனம். கீழே குப்பத்துப் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கிருஷ்ணப்பன் மைக்கைப் பிடித்து, இது மனிதர் போட்ட பட்டியல் இல்லை, கம்ப்யூட்டர் போட்டது, அதற்கு வேண்டியவர் வேண்டாதவர் கிடையாது என்றார்.

அன்புக்கரசி எழுந்தாள்.

"நீங்க யாரும்மா?" என்றார் அதிகாரி.

"அந்த லிஸ்ட்டுக்கு அடியில ஒரு பேரு போட்டிருக்குல்ல சார், லோ. அன்புக்கரசின்னு. அது நான்தான். அந்த லிஸ்ட்டு பொய்."

அவள் மூலத்தாளையும் கோப்பின் அச்சுப் பிரதியையும் காட்டினாள். அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்து, புரியாதவர்கள் காட்டுகிற கனத்தோடு தலையாட்டினார். அவளுக்கு அது தெரிந்தது.

"இதெல்லாம் பாக்க வேணாம் சார். என்னையும் நம்ப வேணாம், கம்ப்யூட்டரையும் நம்ப வேணாம். உங்க ஆளுங்களே மஞ்சக் கல்லு நட்டிருக்காங்க. ஜீப்புல பத்து நிமிஷம். ஒரு டேப் எடுத்துட்டு வாங்க."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேறொரு நாள் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், பச்சையம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். அவள் பின்னால் ஒட்டுமொத்தப் பெண்களும் எழுந்தார்கள். ஒருத்தியும் கத்தவில்லை, போய் வாசலில் ஜீப்பைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அதிகாரி வந்தார்.

நாற்பத்தொன்றாம் வீட்டில் இருபத்தொன்று பத்து. முப்பத்தைந்தில் பத்தொன்பது. இருபதில் பதினெட்டரை. ஐந்து வீடு அளந்ததும் அதிகாரியே டேப்பைச் சுருட்டிவிட்டார்.

கிருஷ்ணப்பனுக்கு ஒரு சொட்டு வியர்வை இல்லை. எல்லோருக்கும் முன்னால் அவள் தலையில் கைவைத்து, "சின்னப் பொண்ணு சார். புதுசு. புரோகிராம்ல ஏதோ தப்புப் பண்ணிட்டு, பயத்துல என்னென்னமோ பேசுறா. பொறுப்பு என்னோடது, நான் பாத்திருக்கணும்," என்றார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். ஆனால் மேலே போன அறிக்கையில் அதுதான் எழுதப்பட்டது: 'மென்பொருள் பிழை.' ஒரு எழுத்துத் தப்பில்லாத அந்த ஆறு வரிகளின் தலையில் குற்றத்தைக் கட்டி, ரோஷனும் கிருஷ்ணப்பனும் கையைத் துடைத்துக்கொண்டார்கள். மறு அளவை வேலை வேறொரு பெயரில் வேறொரு கம்பெனிக்குப் போனது; அந்தக் கம்பெனி கிருஷ்ணப்பனின் மைத்துனருடையது. ரோஷன் பெங்களூருக்கு நல்ல வேலைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டாள். அவளுக்கு ஒரு தபால் வந்தது, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று. அதற்கு முன்னாலேயே அவள் போவதை நிறுத்தியிருந்தாள்.

அளந்த அன்றைக்கு எல்லோரும் கலைந்தபின் அவள் நாற்பத்தொன்றாம் வீட்டு வாசலிலேயே நின்றாள். பச்சையம்மா ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தாள் போல. அந்த அம்மாள் ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெயும் கந்தல்துணியும் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தாள்.

"நம்பர் போட்டவளும் நீ, தப்புன்னு சொல்ல வந்தவளும் நீ. ரெண்டுத்துக்கும் சேத்து உன்ன கும்புடணுமா? அழி."

அன்புக்கரசி உட்கார்ந்து தேய்த்தாள். நாலு கரைந்தது, ஒன்று சுண்ணாம்போடு ஊறிப்போய் வரவே இல்லை. கை முழுக்கச் சிவப்பு வழிந்தது. பச்சையம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிவரைக்கும் 'போதும்' என்று சொல்லவில்லை. முடிந்ததும் கை கழுவ ஒரு சொம்புத் தண்ணீர் மட்டும் ஊற்றினாள்.

புது அளவை, அவள் கணக்குப் போட்டபடியே வந்தது. கிழக்கே ஆறு வீடு. மேற்கே மதிலும் மூன்று குடிசையும். கம்பெனிக்காரர்கள் கோர்ட்டுக்குப் போய் மதிலுக்குத் தடை வாங்கினார்கள். அந்த இடத்தில் மட்டும் சாலையைக் கொஞ்சம் குறுக்கிக்கொள்வதென்று முடிவானது. ஆனால் குறுக்கிய சாலைக்கும் மதிலடி வரைக்கும் இடம் வேண்டியிருந்தது. குடிசைகளுக்கு எந்தக் கோர்ட்டும் இல்லை.

இடிக்கிற தேதியை அன்புக்கரசிதான் துறை ஆபீஸில் போய்க் கேட்டு வந்து செல்லக்கனியிடம் சொன்னாள். அதற்குள் அண்ணாநகரில் ஒரு மருந்து கம்பெனியில் அவளுக்கு டேட்டா என்ட்ரி வேலை கிடைத்திருந்தது. அன்றைக்கு லீவு போட்டாள். போக வேண்டாம் என்றார் லோகநாதன். போனாள்.

காலை எட்டு மணிக்கே புல்டோசர் வந்து நின்றது. மதிலுக்கு உள்ளே ஷிப்டு சங்கு ஊதியது. வழக்கம்போல நானூறு பேர் வேலைக்குப் போனார்கள். கேட்டருகே செக்யூரிட்டி நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தான். மதிலோரத்தில் சாமான்களை வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். பாத்திரம், பாய், டிவி, சாமி படம் கழற்றிய ஒரு மர மாடம், ஒரு துருப்பிடித்த பீரோ. சாமான் ஏற்ற மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று வந்து நின்றது. எங்கோ கண்காணாத இடத்தில் ஒற்றை அறை கொடுத்திருக்கிறார்களாம். கேன்டீன் வேலைக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும்.

ஏற்கெனவே ஒரு குடிசையின் பக்கச் சுவரை இயந்திரம் தள்ளியிருந்தது. சரிந்த இடத்தில் மதிலின் அடிப்பகுதி தெரிந்தது. அந்த மஞ்சள் தண்ணீர் அரித்து அரித்து, செங்கல் சீழ் கோத்த ஈறு மாதிரி இருந்தது. அதைக் காப்பாற்றத்தான் இத்தனையும். அன்புக்கரசிக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. ஓரமாகப் போய்க் குனிந்து நின்றாள். ஒன்றும் வெளியே வரவில்லை.

நிமிர்ந்தபோது செல்லக்கனி பீரோவின் ஒரு முனையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு அவளைப் பார்த்தாள். திட்டவில்லை. தேற்றவும் இல்லை.

"இன்னா, வேடிக்கை பாக்க வந்தியா? அந்தாண்ட புடி."

அன்புக்கரசி துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டு, போய் மறுமுனையைப் பிடித்தாள்.